கறுப்புப் பட்டை ஒட்டுகிறவள்

சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிதான் சாப்பாட்டுக்கு. மறுபாதியில் நோயாளிகள் இருப்பார்கள்.

நான் ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு ஊதுபத்திக் கம்பெனி வேலைக்கு வந்து, மண்டி மொஹல்லாவில் சித்தி வீட்டில் தங்கிய முதல் நாளே அது தெரிந்துவிட்டது. தட்டில் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தாள். எதிர்ப்பக்கம் பால்கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டி, உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடிமேல் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஊர்க்காரி புத்தி, எட்டிப் பார்த்தேன். ஒரு பாதத்தின் அடியில் ரூபாய்க் காசு அளவுக்குக் குழி. அடுத்த படத்திலும் அதே பாதம், அதே குழி, இன்னும் கிட்டத்தில். கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றுவிட்டது.

"அந்தப் பக்கம் பாக்காத கண்ணு" என்றாள் சித்தி. "அது யாரோட காலோ. இது உன்ற சோறு. சாப்புடு."

சொல்லிவிட்டு அவள் அந்தக் குழியைப் பார்த்தபடியே இரண்டாம் முறை குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் அன்றைக்கு மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். இந்தப் பொம்பளையோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறோமோ என்று நினைத்தேன். நாலு வருஷம் தள்ளினேன்.

ஸ்லைடு என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒரு வகை ஃபிலிம். கழுவியதும் காகிதத்தில் அச்சுப் போட வேண்டியதில்லை, ஃபிலிமிலேயே அசல் நிறத்தில் படம் வந்துவிடும். ஒவ்வொரு படமாக நறுக்கி, உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் வைத்து மூடினால் ஸ்லைடு. புரொஜெக்டரில் போட்டால் சுவர் அகலத்துக்கு விழும். கம்ப்யூட்டர் வருவதற்குமுன் டாக்டர்கள் தங்கள் கூட்டங்களில் இப்படித்தான் நோயைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள்.

சித்தப்பா இருந்தவரை அந்தத் தெருவில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். தோல் டாக்டர் ஒருவருக்குப் படம் எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். நெஞ்சுவலியில் அவர் போன பிறகு டாக்டரே ஒரு கேமரா வாங்கிக்கொண்டார். ஃபிலிம் பெங்களூருக்குப் போய், கழுவின சுருளாக பஸ்ஸில் திரும்பி வரும். அதை நறுக்கிச் சட்டம் போடும் வேலை சித்திக்கு. பெங்களூரிலேயே போட்டுக் கொடுப்பார்கள்தான். அவர்கள் போடும் அட்டைச் சட்டம் மழைக்காலத்தில் உப்பிப்போய் மெஷினில் சிக்கிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்வாராம். கல்பனா அதை நம்பவில்லை. கல்பனா சித்தியின் ஒரே மகள், என் வயதுக்காரி.

"கைக்காகக் குடுத்த வேலை இல்லடி இது, வாய்க்காகக் குடுத்தது" என்பாள். "எங்கம்மா வாயத் தெறக்காதுன்னு டாக்டருக்குத் தெரியும்."

அது உண்மை. டாக்டரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் வியாதியைவிட, வியாதி இருப்பது தெருவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் அதிகம் பயந்தார்கள். மைசூர் அப்போது அவ்வளவு பெரிய ஊரும் இல்லை. இந்தச் சந்தில் தும்மினால் அடுத்த சந்தில் கேட்கும்.

சித்தி வேலைக்கு உட்காருவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவாள். சுருளை ஓரத்தில் மட்டும் பிடித்துப் பெட்டி வெளிச்சத்தில் விரிப்பாள். சித்தப்பாவின் பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு சுருள் முழுவதும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு, நறுக்குவதற்கு முன்பே, முகம் வருகிற படங்களில் கண்களை மறைப்பாள். கேமராவில் வெளிச்சம் படாமல் போகும் ஃபிலிம் நுனி, கழுவி வரும்போது மையிருட்டாக இருக்கும். அந்த நுனியிலிருந்து நூல் மாதிரி மெல்லிய பட்டைகளை நறுக்கி, இரண்டு ஓரமும் பசை தொட்டு, நகத்தால் எடுத்துக் கண்களின்மேல் ஒட்டுவாள். அப்புறம்தான் கத்தரிக்கோல், தூசி ஊதும் ரப்பர் பந்து, சட்டம், எல்லாம். பளபளப்புப் பக்கம் எது, மங்கின பக்கம் எது என்று பார்த்து வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் இடது கை வலது கையாகிவிடும். நான் பார்த்தவரை அவள் மாற்றி வைத்ததில்லை.

கடைசியாகச் சட்டத்தின் ஒரு மூலையில் அடையாளப் புள்ளி வைக்க வேண்டும், மெஷினில் எந்தப் பக்கம் மேலே போக வேண்டும் என்று தெரிய. சித்தி அதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். மாதாமாதம் அட்டை அட்டையாகப் பொட்டு வாங்குகிற விதவையைப் பார்த்து ஃபேன்ஸி கடைக்காரர் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருநாள் கேட்டே விட்டார். "சீக்குக்காரங்களுக்கு வெக்கறனுங்க" என்று பதில் சொல்லிவிட்டுச் சில்லறை வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குமேல் விளக்கவில்லை. அந்தக் கடைக்காரர் அதன்பின் அவளிடம் பேச்சுக் கொடுத்து நான் பார்க்கவில்லை.

ஏன் கண்களை முதலில் மறைக்கிறீர்கள், நறுக்கிவிட்டு ஒட்டினால் சுலபமாயிற்றே என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணு தெரியற வரைக்கும் அது ஒரு ஆளு. நம்மளப் பாக்குதாட்ட இருக்கும். மறைச்சிட்டா அப்பறம் வெறும் கை, காலு, தோலு. வேலை ஓடும்."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணாதா சித்தி?"

"தோணுனா என்ன பண்றது? தோணிட்டு உக்காந்திருந்தா ஸ்லைடு யாரு போடறது?"

தெருவில் அவளுக்குக் கல்லு என்று பெயர். நேரில் சொல்ல மாட்டார்கள். சித்தப்பா செத்த அன்று அவள் அழவில்லை என்பது அந்தச் சந்தில் வருஷக்கணக்காக ஓடிய பேச்சு. கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டி, ஐஸுக்குச் சொல்லியனுப்பி, வந்தவர்களுக்குப் பாய் விரித்துவிட்டு, எந்த ஸ்டூடியோ ஆர்டர் யாருக்கு அன்று கொடுக்க வேண்டுமோ அதை எடுத்துக் கொடுத்தனுப்பினாளாம். "அழுதா நிக்காதுன்னு பயமா இருந்துது" என்று எப்போதாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன். அப்படியெல்லாம் அவள் சொல்லவே இல்லை.

ஒரு தடவை எங்கள் வாசலிலேயே ஆட்டோக்காரர் ஒருவரின் கட்டை விரல் ஷட்டர் கதவில் சிக்கித் துண்டாகிவிட்டது. தெருவே கத்துகிறது. ஒரு ஆள் மயங்கி விழுந்துவிட்டார், அவர் தலையில் தண்ணீர் தெளிக்க நாலு பேர். சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். கீழே தேடி அந்த விரலை எடுத்தாள். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வெளியில் வைத்துக் கட்டி, அந்த மனிதரின் மடியிலேயே வைத்து இன்னொரு ஆட்டோவில் ஏற்றினாள். "பை கிழியாம பாத்துக்கோங்க" என்றாள். திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு மிச்ச அரிசியைக் களைந்தாள். விரல் ஒட்டிக்கொண்டது. அந்த மனிதர் பிற்பாடு வாழைத்தாரோடு வந்தபோது "அதெல்லாம் எதுக்குங்க" என்று வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அழுவதற்குத் தயாராக வந்திருந்தார் பாவம். யாரிடம் அழுவதென்று தெரியாமல் என்னிடம் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்.

எனக்கு அவளைப் பிடிக்கும் என்று இதற்குள் தெரிந்திருக்கும். பிடித்தது, ஆனால் பக்கத்தில் போய் உட்கார ஒரு தயக்கம் இருந்தது.

கல்பனா நேர் எதிர். மல்லிகைப்பூ கறுத்துப்போனால் அழுவாள். அம்மாவைச் சீண்டி ஒரு சிரிப்போ ஒரு கோபமோ வாங்கிவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து முயன்று தோற்றவள். "எனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா நெத்தியத் தொட்டுப் பாக்காதுடி, தர்மாமீட்டர் வெக்கும்" என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனாலும் அதை அடிக்கடி சொல்வாள்.

அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். வந்தவர்களிலெல்லாம் சித்தி ஏதாவது ஒரு குறை கண்டாள். ஒருவன் தன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறான், இன்னொருவன் செருப்பைத் தாறுமாறாக விட்டுவிட்டு வருகிறான். கல்பனா சலித்துப் போயிருந்த நேரத்தில்தான் இந்த மாப்பிள்ளை வந்தார். கொள்ளேகால் பக்கத்துக் குடும்பம், மைசூரில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர வேலை. மெதுவாகப் பேசுகிறவர். முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார். வெளிச்சப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மேசைக்குப் புதுத்துணி விரித்து வைத்திருந்தோம்.

காப்பியை நான்தான் ஆற்றினேன், சரியாக ஆற்றவில்லை. டவராவும் கைக்குக் கிடைக்காமல் வெறும் டம்ளரில் நுரை தள்ள ஊற்றிக் கல்பனா கையில் கொடுத்துவிட்டேன். அவருடைய அப்பா வாங்கியதும் "உஸ்" என்று கீழே வைத்தார். அவர் அம்மா முந்தானையால் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் இடது கையால் டம்ளரை அடியில் முழுதாகப் பிடித்துக்கொண்டு கல்பனாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கல்பனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள், வேண்டிய அளவுக்குமேல் கொஞ்ச நேரம். எழுந்து போய் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆறட்டுமுங்க" என்று உள்ளே கொண்டுபோய் நாலைந்து முறை ஆற்றி, கைபொறுக்கும் சூட்டில் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர்கள் போனதும் கல்பனா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து, "என்ன குறை கண்டுபுடிச்சே, சொல்லிரு" என்றாள்.

"குறை ஒண்ணுமில்ல. உனக்குப் புடிச்சிருந்தா பண்ணிக்கோ" என்றாள் சித்தி.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சித்தியின் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததே எங்களுக்குப் பண்டிகை. கல்பனா அன்று முழுக்கப் பாடிக்கொண்டிருந்தாள். சித்தி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்து வைத்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதன்முதலில் மறுவிருந்துக்கு வந்தபோது பெட்டியை ஒளிக்க யாருக்கும் நினைவில்லை. சொந்த வீட்டு மனிதர்தானே என்று விட்டிருப்போம். உள்ளே வந்தவர் மேசையைப் பார்த்தார். வரிசையாகத் தோல், முதுகு, காது மடல், விரல்கள், கறுப்புப் பட்டை ஒட்டின முகங்கள். அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. என்னை மாதிரியே இவருக்கும் குமட்டுகிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"இது என்னங்க?" என்றார்.

"தோல் டாக்டர் வேலைங்க மாப்பிள்ள" என்று சித்தி டாக்டர் பெயரையும் சொன்னாள். "ரொம்ப நாளாச் செய்யறனுங்க. கைய, காலப் பாத்து நறுக்கறதோட சரி. யாரு எவருன்னு நான் பாக்கறதில்லீங்க. இதுவரைக்கும் ஒரு மொகங்கூட ஞாபகம் இல்லீங்க. உக்காருங்க, இலை போட்டாச்சு."

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாப்பிடவும் செய்தார். சாப்பிட்டு முடித்ததும் ஆறின காப்பி வந்தது. அதற்குப் பிறகு அவர் எப்போது வந்தாலும் அவருக்கு மட்டும் சித்தியே காப்பி ஆற்றுவாள். எங்களைத் தொட விடமாட்டாள். மாப்பிள்ளை உபசாரம் என்று கல்பனா கேலி செய்வாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை. தனக்குக் கிடைக்காத அம்மா தன் புருஷனுக்காவது கிடைத்தாளே என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போனது. கல்பனா உண்டானாள். ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டி இல்லை, பை இல்லை, வெறும் கையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சித்தி ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் கல்பனாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். வாசனை ஆகவில்லை என்று இவள் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறாள். அவர்தான் சமைத்திருக்கிறார். காய்ந்த எண்ணெய்ச் சட்டியை இடது கையால் வெறும் விரல்களில் பிடித்து இறக்கி வைத்துவிட்டு, தட்டுகள் எடுத்து வைத்து, இவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். இவள் வந்து பார்த்தால் விரல்கள் வெந்து கொப்புளம் எழும்பியிருக்கிறது, அவருக்கே தெரியவில்லை. பக்கத்து கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அங்கே டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இந்த விரல்களில் உணர்ச்சி இல்லை என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை இவள் முகத்தைப் பார்த்திருக்கிறார். அப்புறம் எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் வந்தது, மாத்திரை முழுசும் சாப்பிட்டாகிவிட்டது, குணமாகிவிட்டது, உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை, சொல்லப் பயமாக இருந்தது.

"என்னால அந்த வீட்ல நிக்க முடியல மா" என்றாள் கல்பனா.

சித்தி கையிலிருந்த சட்டத்தை அழுத்தி மூடினாள். "கொப்புளத்த ஒடச்சு விட்டாங்களா? ஒடைக்கக் கூடாது. ஒடச்சா புண்ணாயிரும், அவருக்கு வலியும் தெரியாது" என்றாள்.

கல்பனாவின் அழுகை நின்றது. வியாதி இன்னதென்று அவள் இன்னும் பெயர் சொல்லவே இல்லை. தொழுநோய் என்று சொல்ல நாக்கு வராமல்தான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வியாதின்னு நீ கேக்கலையே மா."

சித்தி மூடின சட்டத்தின் மூலையில் பொட்டு ஒட்டினாள்.

"கேக்கலையே நீ" என்று கல்பனா மறுபடி சொன்னாள். மேசையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கல்பனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "இங்க வந்திருக்குது. அவரு படம் இங்க வந்திருக்குது. நிஜமா சொல்லு."

"வந்துது."

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"டம்ளரப் புடிச்சப்ப சந்தேகமா இருந்துது. மொகத்தப் பாத்தேன். தெரிஞ்சுது."

"அப்புறம் எப்படி மா? எப்படி சரின்னு சொன்னே?"

"மொதப் படத்துல இருந்து கடைசிப் படம் வரைக்கும் நான்தான் போட்டேன். தேமல் சிறுத்துக்கிட்டே வந்து மறைஞ்சுது. கடைசியில டாக்டர் குணமானவங்க வரிசையில அடுக்கச் சொல்லிக் குடுத்தாரு. உனக்கு வராது. கொழந்தைக்கும் வராது."

"அதச் சொல்லியிருக்கலாமில்ல? எங்கிட்ட மட்டும்?"

"சொல்லியிருந்தா நீ கட்டியிருக்க மாட்ட."

"கட்டறதும் கட்டாததும் என்னிஷ்டம்."

சித்தி மகளைப் பார்த்தாள். "ஆமா. அது உன்னிஷ்டந்தான்" என்றாள்.

ஏதாவது மறுத்துப் பேசியிருந்தால் கல்பனா சண்டை போட்டிருப்பாள், அதோடு தீர்ந்திருக்கும். சித்தி ஒப்புக்கொண்டுவிட்டாள். ஒப்புக்கொண்டவளோடு எப்படிச் சண்டை போடுவது? கல்பனா கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சித்தி எழுந்து ரசம் வைத்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பயனும் இல்லாமல் நின்றேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை வந்தார். கையில் கட்டு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். கல்பனா வெளியே போனாள். அவர் அழுதார். தெருவே பார்த்தது. கல்பனா அவரை உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்தாள், சாப்பாடு போட்டாள். மறுநாள் இருவரும் சேர்ந்து தோல் டாக்டரிடம் போனார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சூடான பொருளில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவர் விவரமாகச் சொல்லியனுப்பினார். அப்படியே கல்பனா தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. மறைத்தவர் அவர். அவரை நாலு நாளில் மன்னித்தாயிற்று. கல்பனாவிடமே கேட்டேன். "அவரு பயந்துட்டு சொல்லல. அம்மா பயப்படவே இல்லடி. என்னயும் ஒரு கையா, காலா நெனச்சு சட்டத்துல வெச்சு மூடிருச்சு" என்றாள்.

சித்தியிடமும் கேட்டேன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. சொல்லியிருக்கலாமே சித்தி, டாக்டர் வேலையை நிறுத்திவிடுவார் என்று பயமா?

"வேலை போனா இன்னொண்ணு. அதில்ல கண்ணு." மோரை ஊற்றிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்லித்தான் அந்தப் பையனச் சட்டையக் கழட்டி நிக்க வெச்சுப் படம் புடிச்சாங்க. அந்தச் சொல்ல நம்பி நின்னவன். நான் பாத்துட்டேன். பாத்தத எடுத்துட்டுப் போயி அவன் கல்யாணத்துல வெக்க முடியுமா? அவன் சொல்லணும், இல்லீன்னா யாரும் சொல்லக் கூடாது."

"கல்பனா?"

"அவளுக்கு நான் பண்ணுனது துரோகந்தான். தெரிஞ்சுதான் பண்ணுனேன்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரல். நான் அவளுக்காக அழலாம் என்று பார்த்தேன், எனக்கும் வரவில்லை. அந்த வீட்டில் இருந்து இருந்து எனக்கும் அப்படி ஆகிவிட்டிருந்தது.

வளைகாப்புக்குச் சித்தியைக் கூப்பிட்டார்கள், மூன்றாம் மனிதரைக் கூப்பிடுகிற மாதிரி. போய் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். கல்பனா என்னோடு பேச வேண்டுமென்றால் கம்பெனிக்கு ஃபோன் செய்வாள், வீட்டுக்கு வரமாட்டாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும் வழக்கமும் இல்லாமல் போனது.

குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண் குழந்தை. செய்தி கம்பெனிக்குத்தான் வந்தது. நான் வீட்டுக்கு வந்து சித்தியை அழைத்துக்கொண்டு போனேன். அறையில் கல்பனாவின் மாமியார் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. "பாட்டிகிட்ட போ" என்று சித்தியின் கையில் வைத்தார். கல்பனா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி குழந்தையை வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் போனாள். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், சன்னல் பக்கம் மட்டும்தான் வெளிச்சம். துணிக்குள்ளிருந்து குழந்தையின் ஒரு கையை வெளியே எடுத்தாள். விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையைத் தன் கட்டை விரலால் தேய்த்தாள், புறங்கையைத் தேய்த்தாள், முழங்கை வரை மெதுவாக நீவினாள். பிறகு அடுத்த கையை எடுத்தாள்.

"அம்மா" என்றாள் கல்பனா. பல மாதங்களுக்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அவளுக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் எல்லாம் பாத்தாச்சு. நீ தேட வேண்டா. குடு."

மாமியார் புடவை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். சித்தி குழந்தையின் கையைத் துணிக்குள் திரும்ப வைத்து, சுற்றி, கொண்டுபோய்க் கல்பனாவின் பக்கத்தில் படுக்க வைத்தாள். "நேரமாச்சு, வர்றனுங்க" என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குக் கோபம் தாங்கவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம்.

"ஏன் சித்தி அப்படிப் பண்ணீங்க? பச்சக் கொழந்தைகிட்டப் போயி."

"கை சில்லுனு இருந்துது" என்றாள் சித்தி. "ரெண்டு கையும் ஐஸாட்டம் இருந்துது கண்ணு. துணி சரியாச் சுத்தல. அதான் தேச்சு விட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எப்போதும் இருப்பது போலத்தான் இருந்தது.

"அத அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லி என்னாவுது."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம். அடுத்த நாள் கம்பெனிக்குப் போகும் வழியில் நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து கல்பனாவிடம் சொன்னேன். உங்கம்மா ஒண்ணும் தேடலடி, கொழந்தைக்குக் கை சில்லுனு இருந்துதாம், சூடு பண்ணியிருக்கு, அவ்வளவுதான் என்றேன். கல்பனா குழந்தையின் கையைத் துணிக்குள்ளிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"எங்கம்மாவ உனக்குத் தெரியாது" என்றாள்.